பக்கத்து சீட்டுக்காரர் 14,000 ஸ்டெப்ஸ், நீங்கள் 6,000: ஃபிட்னஸில் ஒப்பீடு உதவுமா, கெடுக்குமா?

இரவு 10.40 மணி. சென்னை ஓஎம்ஆரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. ஹாலுக்கும் பால்கனிக்கும் நடுவே 29 வயது இளைஞர் ஒருவர் கையில் போனுடன் நடந்துகொண்டே இருக்கிறார்.

"டேய், மணி பதினொண்ணு ஆகப்போகுது. இன்னும் என்னடா நடை? போய்ப் படு" என்று உள்ளே இருந்து அம்மாவின் குரல்.

"இரும்மா, இன்னும் ஆயிரத்து எரநூறு ஸ்டெப் பாக்கி."

அன்று காலையில் அவர் அரை மணி நேரம் வேகமாகவே நடந்திருந்தார். போன மாதம் இதே நாட்களில் அவர் நடந்தது இதில் பாதிகூட இல்லை. அந்தக் கணக்கில் அவருக்கு இது நல்ல நாள். ஆனால் ஒன்பது மணிக்கு அலுவலக வாட்ஸ்அப் குழுவில் ஒரு ஸ்கிரீன்ஷாட் வந்து விழுந்தது. பக்கத்து சீட் நண்பரின் பெயருக்கு நேராக 14,212. இவர் பெயருக்கு நேராக 6,380. பட்டியலில் கடைசி. அந்த இடத்திலிருந்து ஒரு படி மேலே வரத்தான் இந்த ராத்திரி நடை.

இந்த இளைஞர் கற்பனைதான். ஆனால் அலுவலக 'ஸ்டெப் சேலஞ்ச்' குழு ஒன்றில் இருக்கும் யாருக்கும் இந்தக் காட்சி புதிதாக இருக்காது. ஜிம்மில் பக்கத்தில் நிற்பவர் தூக்கும் எடை, இன்ஸ்டாகிராமில் ஓடும் 'பிஃபோர் – ஆஃப்டர்' படம், ஸ்ட்ராவாவில் நண்பர் ஓடிய வேகம் என எல்லாமே இதன் வேறு வேறு வடிவங்கள்.

"மத்தவங்களோட ஒப்பிடாதே" என்ற அறிவுரையைக் கேட்காதவர்கள் குறைவு. கேட்டுவிட்டு ஒப்பிடாமல் இருப்பவர்கள் அதைவிடக் குறைவு. ஏன் விட முடியவில்லை? விடத்தான் வேண்டுமா?

ஏன் ஒப்பிடுகிறோம்?

அமெரிக்க உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கர் 1954இல் 'சமூக ஒப்பீட்டுக் கோட்பாடு' என்பதை முன்வைத்தார். தன் திறமை எந்த அளவில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்ற உந்துதல் மனிதருக்கு இயல்பாகவே உண்டு. அளந்து பார்க்க நேரடியான அளவுகோல் இல்லாதபோது அவர் மற்றவர்களை அளவுகோலாக எடுத்துக்கொள்கிறார் என்பது அதன் சாரம்.

ஃபிட்னஸுக்கு இது கச்சிதமாகப் பொருந்தும். எடை இயந்திரம் 74 கிலோ என்று காட்டும். வாட்ச் 6,380 என்று காட்டும். ஆனால் 'இது போதுமா, போதாதா' என்பதை எந்தக் கருவியும் சொல்வதில்லை. அந்த இடத்தில்தான் கண் தானாகப் பக்கத்து சீட்டுக்குப் போகிறது.

ஃபெஸ்டிங்கர் இன்னொன்றையும் சொன்னார். நாம் எல்லோருடனும் ஒப்பிடுவதில்லை. நம்மைப் போன்றவர் என்று நாம் நினைப்பவருடன்தான் ஒப்பிடுகிறோம். ஒலிம்பிக் வீரர் ஓடுவதைப் பார்த்து யாருக்கும் தூக்கம் கெடுவதில்லை. கூடப் படித்தவன், ஒரே டீமில் வேலை பார்ப்பவர், சித்தி பெண் ஆகியோர்தான் உறுத்துகிறார்கள். 'அவனும் என்னை மாதிரிதானே, அவனால முடியுது, எனக்கு ஏன் முடியல?' என்ற கேள்வி அங்கிருந்துதான் கிளம்புகிறது.

இந்தக் கேள்வியின் முதல் பாதிதான் சிக்கல். 'அவனும் என்னை மாதிரிதான்' என்பது உண்மையா?

ஒரே பயிற்சி, ஒரே பலனா?

இதை ஆராய்ச்சியாளர்கள் நேரடியாகவே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த 'ஹெரிடேஜ்' குடும்ப ஆய்வில், அதுவரை உடற்பயிற்சிப் பழக்கமே இல்லாத ஆரோக்கியமானவர்களுக்கு 20 வாரங்கள் சைக்கிள் பயிற்சி கொடுத்தார்கள். கண்காணிப்பில் வைத்து, ஒரே திட்டத்தின்படி நடந்த பயிற்சி அது. 1999இல் வெளியான முடிவுகளில் 481 பேரின் கணக்கு இருந்தது. உடல் ஒரு நிமிடத்தில் அதிகபட்சமாகப் பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜன் அளவு சராசரியாக 400 மில்லிலிட்டர் கூடியிருந்தது. ஆனால் சிலருக்கு 1,000 மில்லிலிட்டருக்கு மேல் கூடியது. சிலருக்கு ஏறக்குறைய ஒன்றுமே கூடவில்லை. இந்த வேறுபாட்டில் கிட்டத்தட்டப் பாதியைக் குடும்பவழிக் காரணங்களோடு தொடர்புபடுத்த முடிந்தது.

தசைப் பயிற்சியிலும் இதே கதைதான். 2005இல் வெளியான ஓர் ஆய்வில் 585 பேர், வழக்கமாக அதிகம் பயன்படுத்தாத கைக்கு மட்டும் 12 வாரங்கள் எடைப் பயிற்சி செய்தார்கள். தசையின் அளவு ஒருவருக்கு 59 சதவீதம் கூடியது. இன்னொரு முனையில் இருந்தவருக்கு 2 சதவீதம் குறைந்தே போனது. தூக்கும் வலிமை சிலருக்குத் துளியும் கூடவில்லை; ஒருவருக்கு 250 சதவீதம் கூடியது.

அதாவது, ஒரே நாளில் ஜிம்மில் சேர்ந்து, ஒரே பயிற்சியாளரிடம், ஒரே 'வொர்க்அவுட்' செய்யும் இரண்டு நண்பர்களுக்கு மூன்று மாதம் கழித்துக் கிடைக்கும் பலன் மலைக்கும் மடுவுக்குமாக இருக்கலாம். பின்தங்கியவர் சோம்பேறியும் இல்லை, முந்தியவர் ஏமாற்றுக்காரரும் இல்லை. ஆனால் பின்தங்கியவர் தன் நண்பரின் கையைப் பார்த்துவிட்டு 'நமக்கு இதெல்லாம் செட் ஆகாது' என்று மூன்றாவது மாதம் நின்றுவிட்டால், நஷ்டம் அவருக்கு மட்டும்தான். ஏனென்றால் உடற்பயிற்சியின் பலன் தசை அளவு ஒன்றோடு முடிவதில்லை. ரத்த அழுத்தம், சர்க்கரை, தூக்கம், மனநிலை எனக் கண்ணாடியில் தெரியாத பலன்கள் பல உண்டு. அவற்றை எந்தக் குரூப்பிலும் ஸ்கிரீன்ஷாட் போட முடியாது.

'நான் அவனைவிட ஒல்லிதானே!'

ஒப்பீடு மனதைச் சோர்வடைய மட்டுமே வைக்கும் என்று நினைக்க வேண்டாம். சில நேரம் அது தவறான தைரியத்தையும் கொடுக்கும். தொப்பை வைத்த நண்பரைப் பார்த்து 'நமக்கு ஒண்ணும் இல்ல' என்று நிம்மதி அடைவதும் ஒப்பீடுதான்.

2004இல் 'லான்செட்' மருத்துவ இதழில் ஒரு சுவாரசியமான புகைப்படம் வெளியானது. புனேயைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக், லண்டனைச் சேர்ந்த மருத்துவர் ஜான் யுட்கின் இருவரும் அருகருகே நிற்கும் படம் அது. இருவருடைய உடல் நிறை குறியீடும், அதாவது பிஎம்ஐயும், ஒன்றேதான்: 22.3. வெளிப்பார்வைக்கு இருவரும் ஒல்லி. ஆனால் அளந்து பார்த்தபோது யுட்கினின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாக்னிக்கின் உடலில் 21.2 சதவீதம்.

இந்திய உடல்வாகின் இந்தத் தன்மை காரணமாகத்தான் நம்மவர்களுக்கு அளவுகோலே வேறு. உலக அளவில் பிஎம்ஐ 25ஐத் தாண்டினால்தான் அதிக எடை. இந்தியர்களுக்கு 23இலேயே அதிக எடை, 25இலேயே உடற்பருமன் என்று 2009இல் இந்திய மருத்துவ வல்லுநர்கள் வரையறுத்தார்கள். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்கும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்கும் உள்ளே இருக்க வேண்டும் என்பதும் அதில் அடங்கும்.

ஆக, அமெரிக்க யூடியூபரின் உடலோடு ஒப்பிட்டுக் கவலைப்படுவதும் வீண். பக்கத்து வீட்டுக்காரரைவிட ஒல்லியாக இருப்பதால் சர்க்கரை வராது என்று நினைப்பதும் வீண். இரண்டுக்கும் பதில் சொல்லக்கூடியது ஒரு டேப்பும் ஒரு ரத்தப் பரிசோதனையும்தான்.

10,000 என்ற எண் எங்கிருந்து வந்தது?

ஸ்டெப் சேலஞ்சுகளில் பெரும்பாலும் 10,000தான் இலக்கு. அதைத் தொடாத நாள் தோற்ற நாள் என்பதுபோல ஆகிவிட்டது. ஆனால் அந்த எண் மருத்துவமனையில் பிறந்தது இல்லை.

1964 டோக்கியோ ஒலிம்பிக்கை அடுத்து ஜப்பானில் நடைப்பயிற்சி மோகம் பரவியது. 1965இல் யமாசா என்ற நிறுவனம் இடுப்பில் மாட்டிக்கொள்ளும் நடை அளவி ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் பெயர் 'மான்போ-கே'. 'பத்தாயிரம் காலடி மீட்டர்' என்று பொருள். சொல்ல எளிதான, மனதில் நிற்கும் முழு எண் என்பதால் அது உலகம் முழுக்க ஒட்டிக்கொண்டது.

பிறகு வந்த ஆய்வுகள் என்ன சொல்கின்றன? சராசரியாக 72 வயதுள்ள 16,741 அமெரிக்கப் பெண்களை வைத்து 2019இல் ஓர் ஆய்வு வெளியானது. ஒரு நாளைக்குச் சுமார் 2,700 ஸ்டெப்ஸ் நடந்தவர்களைவிட, சுமார் 4,400 நடந்தவர்களின் இறப்பு அபாயம் 41 சதவீதம் குறைவாக இருந்தது. 7,500க்குப் பிறகு கூடுதல் பலன் பெரிதாகத் தெரியவில்லை. 15 ஆய்வுகளைத் தொகுத்து 2022இல் வெளியான பகுப்பாய்வு, 60 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 8,000 முதல் 10,000 வரையிலும், அதற்கு மேற்பட்டவர்களுக்கு 6,000 முதல் 8,000 வரையிலும் பலன் கூடிக்கொண்டே போய் அதன்பின் சமன் ஆகிறது என்றது.

கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 3,000 நடப்பவர் 5,000 ஆக்கினால் கிடைக்கும் பலன் பெரிது. 12,000 நடப்பவர் 14,000 ஆக்கினால் கிடைக்கும் கூடுதல் பலன் சிறிது. லீடர்போர்டு இதைத் தலைகீழாகக் காட்டுகிறது. 14,000க்கு கோப்பை எமோஜி, 5,000க்குக் கடைசி இடம்.

லீடர்போர்டில் தெரியாதவை

எண்கள் பொய் சொல்வதில்லை என்று ஒரு பேச்சு உண்டு. ஆனால் அவை பாதியைத்தான் சொல்கின்றன. கையில் வாட்ச் கட்டியிருப்பவருக்கு மீட்டிங் அறைக்குப் போய் வருவதும் கணக்கில் சேரும். போனை மேசையில் வைத்துவிட்டுப் போகிறவருக்குச் சேராது. மின்சார ரயிலில் வந்து, ஸ்டேஷனிலிருந்து நடப்பவருக்குப் பயணத்திலேயே சில ஆயிரம் ஸ்டெப்ஸ் கிடைத்துவிடும். கம்பெனி கேபில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து வருகிறவருக்கு அந்த வாய்ப்பே இல்லை.

பெண்களுக்கு இந்த இடைவெளி இன்னும் அதிகம். காலை ஆறு மணிக்குப் பூங்காவில் நடப்பவரின் எண் குழுவில் தெரியும். அதே ஆறு மணிக்கு டிபன் பாக்ஸ் கட்டிக்கொண்டு, குழந்தையை எழுப்பிக்கொண்டு இருப்பவரின் காலை அங்கே தெரியாது. "நைட் சாப்பிட்டுட்டு ஒரு ரவுண்டு போயிட்டு வாங்களேன்" என்று ஆண் சக ஊழியர் சொல்வது எளிது. தெருவிளக்கு எரியாத சாலையில் ஒன்பதரை மணிக்குத் தனியாக நடக்கும் சுதந்திரம் எல்லோருக்கும் ஒரே அளவில் இல்லை.

சரி, ஒப்பீட்டால் நன்மையே இல்லையா?

இருக்கிறது. அதையும் சொல்லியாக வேண்டும்.

பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 790 மாணவர்களை 11 வார உடற்பயிற்சித் திட்டம் ஒன்றில் சேர்த்தார்கள். சிலருக்கு மற்றவர்கள் எத்தனை வகுப்புக்கு வந்தார்கள் என்ற பட்டியல் காட்டப்பட்டது. சிலருக்குப் பட்டியல் இல்லை. ஒருவரையொருவர் உற்சாகப்படுத்திப் பேசிக்கொள்ள வசதி மட்டும் தரப்பட்டது. 2016இல் வெளியான முடிவு பலருக்கு ஆச்சரியம். போட்டிப் பட்டியலைப் பார்த்தவர்கள் மற்றவர்களைவிட 90 சதவீதம் அதிகமாக வகுப்புக்கு வந்தார்கள். வெறும் உற்சாகப் பேச்சு, எந்தக் குழுவிலும் சேர்க்கப்படாதவர்களின் அளவைக்கூடத் தாண்டவில்லை. 'சூப்பர்', 'கலக்குங்க' என்று போடும் வாட்ஸ்அப் குழுக்கள் ஏன் இரண்டே வாரத்தில் அடங்கிவிடுகின்றன என்பதற்கு இதில் ஒரு விடை இருக்கலாம்.

ஆனால் அங்கே ஒப்பிடப்பட்டது எது என்று பாருங்கள். எடை இல்லை, இடுப்பளவு இல்லை, 'சிக்ஸ் பேக்' இல்லை. வகுப்புக்கு வந்தார்களா, வரவில்லையா என்பது மட்டும்தான். வருவது அவரவர் கையில் இருக்கிறது. தசை எவ்வளவு வளரும் என்பது முழுக்க அவரவர் கையில் இல்லை.

இன்னொரு பெரிய ஆய்வு 2017இல் வெளியானது. சுமார் 11 லட்சம் ஓட்டக்காரர்கள் ஐந்து ஆண்டுகளில் ஓடிய பதிவுகளைப் பார்த்தார்கள். நண்பர்கள் ஒரு கிலோமீட்டர் கூடுதலாக ஓடிய நாளில், அந்தத் தகவலைப் பார்த்தவர் சுமார் 300 மீட்டர் கூடுதலாக ஓடியிருந்தார். ஓட்டம் உண்மையிலேயே தொற்றிக்கொள்கிறது. ஆனால் அதிலும் ஒரு திருப்பம்: குறைவாக ஓடுகிறவரின் எண்ணைப் பார்த்து அதிகம் ஓடுகிறவர் வேகம் பிடித்தார். அதிகம் ஓடுகிறவரைப் பார்த்துக் குறைவாக ஓடுகிறவர் அந்த அளவு அசையவில்லை. பின்னால் வருகிறவரின் காலடிச் சத்தம் ஓட வைக்கிறது. கண்ணுக்கு எட்டாத தூரத்தில் போகிறவரின் முதுகு ஓட வைப்பதில்லை.

எப்போது ஆபத்தாகிறது?

ஒப்பீடு வெறும் மனவருத்தத்தோடு நின்றால் பரவாயில்லை. சில நேரம் அது உடம்பில் கை வைக்கிறது.

ஜிம்மில் சேர்ந்த முதல் வாரமே, இரண்டு வருடமாகப் பயிற்சி செய்பவரின் எடையைத் தூக்கப் பார்ப்பது பலர் செய்யும் தவறு. பழக்கமில்லாத உடலை ஒரேயடியாக வாட்டினால், அரிதாக, தசை நார்கள் சிதைந்து அவற்றின் புரதம் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும். கடுமையான தசை வலி, வீக்கம், டிகாக்‌ஷன் நிறத்தில் சிறுநீர் ஆகியவை அதன் அறிகுறிகள். "முதல் நாள் அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடாமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய நிலை அது.

நண்பனைப் போல மூன்றே மாதத்தில் உடம்பு ஏற வேண்டும் என்று மருத்துவர் சீட்டு இல்லாமல் ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொள்வது இன்னொரு வழி. இதயம், கல்லீரல், ஆண்களின் கருவுறுதல் திறன் என அதற்குக் கொடுக்கும் விலை அதிகம். பெண்களில், சாப்பாட்டைக் கடுமையாகக் குறைத்துக்கொண்டு பயிற்சியைக் கூட்டுகிறவர்களுக்கு மாதவிடாய் தள்ளிப்போவதோ நின்றுபோவதோ நடக்கலாம். 'எடை குறையுதே' என்று மகிழ வேண்டிய நேரம் இல்லை அது. எலும்பையும் பாதிக்கும் என்பதால் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

காய்ச்சலோடு ஓடுவது, எண்ணை எட்டுவதற்காகத் தூக்கத்தைக் குறைப்பது, ஒரு நாள் விட்டுப்போனால் குற்ற உணர்வில் தவிப்பது போன்றவை அடிக்கடி நடந்தால், போட்டி உங்களை ஓட வைக்கவில்லை, விரட்டுகிறது என்று அர்த்தம்.

அப்ப என்னதான் செய்யறது?

ஒப்பிடுவதை நிறுத்த முடியாது. யாரோடு, எதை ஒப்பிடுவது என்பதை மாற்றலாம்.

உங்கள் தொடக்கப் புள்ளியை எழுதுங்கள்: முதல் இரண்டு வாரம் எதையும் மாற்றாமல் வழக்கம்போல இருங்கள். அந்த நாட்களின் சராசரி ஸ்டெப்ஸ், மூன்று மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறதா, இடுப்பளவு ஆகியவற்றைக் குறித்துவையுங்கள். இனி உங்கள் போட்டியாளர் இந்த எண்கள்தான். சராசரி 4,000 என்றால் அடுத்த இலக்கு 5,000. 10,000 இல்லை.

பலனை ஒப்பிடாதீர்கள், செய்ததை ஒப்பிடுங்கள்: 'அவர் எத்தனை கிலோ குறைத்தார்' என்று பார்க்காமல், 'இந்த வாரம் எத்தனை நாள் வந்தார், நான் எத்தனை நாள் போனேன்' என்று பாருங்கள்.

ஒரு படி மேலே இருப்பவரைப் பிடியுங்கள்: மாரத்தான் ஓடுகிறவரைவிட, ஆறு மாதம் முன்பு உங்கள் நிலையில் இருந்து இப்போது மூன்று கிலோமீட்டர் நிற்காமல் ஓடுகிறவர் உங்களுக்குப் பயன்படுவார். அவரிடம் "எவ்ளோ ஓடுறீங்க?" என்று கேட்காதீர்கள். "எப்படி ஆரம்பிச்சீங்க? எங்க கஷ்டப்பட்டீங்க?" என்று கேளுங்கள்.

குழுவின் விதியை மாற்றுங்கள்: ஸ்டெப் சேலஞ்ச் நடத்துகிறவர் நீங்கள் என்றால், மொத்த எண்ணுக்குப் பதிலாக, போன வாரத்தைவிட யார் எவ்வளவு கூட்டினார் என்று பட்டியல் போடலாம். வாரத்தில் ஐந்து நாள் தன் சொந்த இலக்கைத் தொட்ட எல்லோருக்கும் பாராட்டு என்று வைக்கலாம். வாரம் ஒரு நாள் எண்ணே கேட்காத ஓய்வு நாளாக விடலாம்.

சிலரை மியூட் செய்யுங்கள்: ஒரு பக்கத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்பி நடக்கத் தோன்றுகிறதா, படுத்துக்கொள்ளத் தோன்றுகிறதா என்று கவனியுங்கள். இரண்டாவது என்றால், அந்தப் பக்கம் உங்களுக்கு வேண்டாம். ஒளி, நிற்கும் கோணம், வயிற்றை உள்ளிழுப்பது இவற்றை வைத்தே ஐந்து நிமிடத்தில் 'பிஃபோர் – ஆஃப்டர்' எடுக்க முடியும். விளம்பரப் படங்களில் உடலைத் திருத்தியிருந்தால் அதைக் குறிப்பிட்டே ஆக வேண்டும் என்று நார்வே 2022 முதல் சட்டமே வைத்திருக்கிறது.

'போதும்' என்பதற்கு ஓர் அளவு வையுங்கள்: வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடற்பயிற்சி, இரண்டு நாளாவது தசைகளுக்கான பயிற்சி என்பது பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் 2020 பரிந்துரை. பேச முடிகிற, ஆனால் பாட முடியாத வேகத்தில் தினமும் அரை மணி நேரம், வாரம் ஐந்து நாள் நடந்தாலே 150 நிமிடம் வந்துவிடும். குறைவாகச் செய்தாலும் ஒன்றுமே செய்யாததைவிட நல்லது என்றும் அதே பரிந்துரை சொல்கிறது. சர்க்கரை, இதய நோய், மூட்டு வலி இருப்பவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குவது நல்லது.

ஓஎம்ஆர் இளைஞரின் கணக்கை இந்த அளவில் வைத்துப் பார்க்கலாம். காலையில் அரை மணி நேர வேக நடை; அன்றைய பங்கு முடிந்தது. போன மாதத்தைவிட இரண்டு மடங்கு, முன்னேற்றமும் இருக்கிறது. இரவு 10.40க்கு அவருக்குப் பாக்கி இருந்தது ஆயிரத்து இருநூறு ஸ்டெப்ஸ் இல்லை, ஏழு மணி நேரத் தூக்கம். அதைத்தான் அம்மாவும் சொன்னார்.